கல்வெட்டில் ஏறாதவர்கள்

ஜேடர்பாளையத்தில் காவிரியின் நீரை மறித்து, இராஜவாய்க்கால் வழியே வயல்களுக்குத் திருப்பியவர் அல்லாள இளைய நாயகர் என்று வரலாறு கூறுகிறது. அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. இருக்கட்டும், நீர் தந்தவரை நாடு நினைப்பது நன்றே! ஆனால், மண் வெட்டியவன் யார்? கல் சுமந்தவள் யார்? அவர்கள் பெற்ற கூலி என்ன, குடித்த கூழ் என்ன? கரையும் சொல்லவில்லை, கல்லும் சொல்லவில்லை. எழுத்தறிவு ஒரு சிலரின் வீட்டுச் சொத்தாக இருந்த நாட்டில், ஏவியவன் பெயர் ஏட்டில் ஏறிற்று. உழைத்தவன் வரலாறு அவன் உடலோடு மண்ணுக்குள் போயிற்று.

போனதை மீட்க முடியாது. இன்று வாழ்வோரின் வாய்மொழியையாவது பதிவு செய்கிறோமா? இந்தக் கேள்வியோடு இரண்டு நூல்களை எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்று, அதே நாமக்கல் வட்டாரத்தில் உருவானது. பெருமாள்முருகன் தொகுக்க, 2013இல் காலச்சுவடு வெளியிட்ட ‘சாதியும் நானும்’. தம் வாழ்வில் சாதி எங்கே குறுக்கிட்டது, எப்படிச் சுட்டது என்று 32 பேர் தாமே எழுதிய கட்டுரைகள். 2018இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கிட்ட தலைப்பு, ‘கொட்டாங்கச்சியில் கருப்புக் காப்பி’ எனப் பொருள்படுவது. நூறு மேடைகளில் முழங்கியும் விளங்காதவனுக்கு அந்தக் கொட்டாங்கச்சி விளக்கிவிடும்! சாதியைத் தத்துவமாக்காமல், பட்டறிவாக எடுத்து வைத்ததே நூலின் வலிமை. குறையும் அங்கேயே இருக்கிறது. எழுதியவர்கள், எழுதக் கற்றவர்கள். கரும்பு வெட்டும் கைக்கு எழுதுகோல் ஏது? அவள் கதை அவள் எழுத வரும்வரை காத்திருக்குமா? யாராவது போய்க் கேட்க வேண்டாமா?

கேட்டிருக்கிறார்கள். அதுவே இரண்டாவது நூல். புதுச்சேரிக்கு அருகே ஒரு சிற்றூரில், சேரியில் வாழ்ந்து, வயலில் கூலி வேலையும், ஊருக்கு மருத்துவச்சி வேலையும் பார்த்தவர் வீரம்மா. ஆண்டுக்கணக்கில் அவரிடம் சென்று, அவர் பேச்சை ஒலிப்பதிவு செய்தவர் ஜோசியான் ரசீன். கணவர் ழான்-லுய்க் ரசீனும் சேர்ந்து ஆக்கிய அந்நூல் 1995இல் பிரெஞ்சில் வந்தது. 1997இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழச்சி தமிழில் சொன்ன வாழ்க்கையை முதலில் படித்தவர்கள் பாரிஸ் நகரத்தார்! தாய்மொழிக்காகத் தலை கொடுத்தோரைப் போற்றும் நாம், அந்தத் தாய்மொழியில் ஒரு தாய் பேசியபோது எங்கே இருந்தோம்?

அந்நூலில் நம் தோழர்கள் முகம் சுளிக்கும் பக்கங்களும் உண்டு. வீரம்மா பேயை நம்புகிறார், தெய்வங்களுக்கு அஞ்சுகிறார், பண்ணையாரிடம் பணிவாக நடந்துகொள்கிறார். துயரத்தினூடே வாய்விட்டுச் சிரிக்கவும் செய்கிறார். பகுத்தறிவாளன் இதைக் கேட்டால் என்ன செய்வான்? பேயை வெட்டிவிட்டு, பசியை மட்டும் அச்சேற்றுவானா? அப்படிச் செய்தால் அது அவன் கட்டுரை. வீரம்மாவின் வரலாறு அன்று. அச்சம் எப்படி உள்ளே ஊறியது, அடிமைத்தனம் எப்படிப் பழக்கமாயிற்று என்பதை அவர் வாயால் அறியும் வாய்ப்பையும் அவன் இழப்பான். நம் மறுப்பை முன்னுரையில் எழுதலாம். அவர் நாவில் வைக்க நமக்கு உரிமையில்லை. நூலாசிரியர்கள் அந்த நேர்மையைக் காத்தார்கள். ஆகவேதான் அந்நூலை உயர்ந்தது என்கிறோம்.

இந்த நேர்மைக்குக் கடினமான தேர்வு ஜேடர்பாளையத்திலேயே காத்திருக்கிறது. 2023இல் அவ்வட்டாரத்து வெல்ல ஆலைகளில் தீ வைக்கப்பட்டது. அங்கே தங்கியிருந்த வடபுலத் தொழிலாளர் தீக்காயமுற்றனர். ஏடுகள் எண்ணிக்கையைச் சொல்லின. ஊரைவிட்டு வந்தது ஏன், கொப்பரையருகே வேகும் வேலைக்குக் கிடைத்தது என்ன, அந்த இரவுக்குப் பின் உறங்கினார்களா—யார் கேட்டது? அவர்கள் மொழி வேறு என்பது சாக்காகுமா? அதே ஊரில் அச்சத்தோடு வாழ்ந்த நம்மவர் வாய்மொழியும் வேண்டும். இரண்டையும் அருகருகே வைப்பதுதான் வரலாறு.

தோழர்களே, கைப்பேசியிலேயே ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போங்கள், தறிக்கூடத்துக்குப் போங்கள், வெல்ல ஆலைக்குப் போங்கள். அனுமதி கேளுங்கள். ஆண்டு, கூலி, கடன், ஊர்க் கட்டுப்பாடு, எல்லாம் கேளுங்கள். வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, அவர் ஒப்பிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள். நாம் பேசியது போதும், சற்றே கேட்போம்!