ஒரே பேர், ரெண்டு சபாபதி

போன வாரம் 'சபாபதி'யை மறுபடி பார்த்தேன். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை வைத்து 1941-ல் ஏ.வி.மெய்யப்ப செட்டியார் எடுத்த படம். எஜமான் சபாபதி டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரன் சபாபதி காளி என்.ரத்னம். சின்னமனூரில் எங்க அப்பத்தா டிவி முன்னாடி உட்கார்ந்து, கண்ணில் தண்ணி வரச் சிரித்த படம்.

இந்தத் தடவை சிரிப்புக்கு நடுவில் ஒன்று உறுத்தியது. ரெண்டு பேருமே மக்குதான். ஒருத்தன் பரீட்சையில் தேறாதவன், இன்னொருத்தன் சொன்ன வேலை விளங்காதவன். வித்தியாசம் அப்பாவின் சொத்து மட்டும். ஒரே பேரை வைத்ததிலேயே பம்மல் பணக்கார வீட்டுப் பிள்ளையை வாரிவிட்டார். சரி, கல்யாணத்துக்கு அப்புறம்? எஜமானுக்கு வாய்ப்பவள் (லக்ஸ் பத்மா) படித்தவள்; புருஷனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பாஸ் பண்ண வைக்கிறாள். அந்தக் காலத்தில் பெண்டாட்டியிடம் புருஷன் பாடம் படிப்பது சின்ன விஷயமில்லை. வேலைக்காரனுக்கு வாய்ப்பது வேலைக்காரி, சி.டி.ராஜகாந்தம். அந்த ஜோடிதான் அதிகம் சிரிக்க வைக்கிறது. ஆனால் அவனுக்குப் பாடம் சொல்ல யாரும் வரவில்லை. கல்யாணம் ஒரு சபாபதியை ஆளாக்குகிறது. மற்றவனை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் இதே மாதிரி விஷயத்தை ஜார்ஜ் மக்மேனஸ் 'பிரிங்கிங் அப் ஃபாதர்' என்ற பத்திரிகைச் சித்திரத் தொடராக 1913-ல் ஆரம்பித்தார். சித்தாளாகக் கல் சுமந்த ஜிக்ஸுக்குத் திடீரென்று பணம் வருகிறது. மனைவி மேகி சீமாட்டி ஆகப் பார்க்கிறாள். அவனோ பழைய கூட்டாளிகளோடு முட்டைக்கோசும் மாட்டுக்கறியும் தின்ன ஓடுகிறான். பூரிக்கட்டை பறக்கும். பணம் வந்தால் மேலே ஏறிவிடலாம் என்று வாசகர் நம்பினால்தான் அந்த ஜோக் எடுபடும். நம்ம ஜோக்கில் கீழே இருப்பவன் இடம் மாறுவதேயில்லை.

படம் முடிந்ததும் என் கல்யாண மொய் நோட்டைத் தேடி எடுத்தேன். எங்க தோட்டத்தில் வேலை பார்த்தவருக்கும் எங்கப்பா பேர்தான். அதனாலேயே வீட்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'கூடலூரான்' என்பார்கள். நோட்டில் எல்லாருக்கும் பேர், அப்பா பேர், ஊர் இருக்கிறது. அவருக்கு மட்டும் 'கூடலூரான், தோட்டம், 51 ரூபாய்'. எழுதியவர் என் மாமா. மறுநாள் படித்துக் கூட்டிச் சரிபார்த்தது நான்.