மாம்பழமும் ஜீரோ கேட்டும்

பொறியியல் கல்லூரியில் கணினி படித்தவர்களிடம் ‘பாலகுருசாமி புக்’ என்றால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. இ. பாலகுருசாமியின் ‘ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் வித் சி பிளஸ் பிளஸ்’. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். என் வயசுக்காரர்களில் நிறைய பேருக்கு ஆப்ஜெக்ட் என்ற சொல்லே அந்தப் புத்தகம் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதை இப்போது மறுபடி முதலில் இருந்து படித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவனும் தடுமாறாமல் படிக்கக்கூடிய ஆங்கிலம். நிரலுக்குக் கீழேயே அதன் வெளியீட்டையும் அச்சிட்டிருப்பார்கள். வாரத்துக்குச் சில மணி நேரம்தான் லேப், அதிலும் ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்று இருந்த காலத்தில், அந்த அச்சிட்ட வெளியீடுதான் எங்களுக்குக் கம்ப்யூட்டர். பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விடையை ஊகித்துப் பார்ப்போம். ஆப்பரேட்டர் ஓவர்லோடிங், கோப்புகள் பற்றிய பகுதிகளை இன்றைக்கும் பயப்படாமல் ஒரு மாணவன் கையில் கொடுக்கலாம்.

சிக்கல் முதல் அத்தியாயத்தில். அங்கே பழம் என்பது கிளாஸ், மாம்பழம் என்பது அதன் ஆப்ஜெக்ட். கொஞ்சம் நின்று யோசித்தால் இடிக்கும். மாம்பழம் ஒரு வகைதானே? அதற்குள்ளேயே பங்கனபள்ளி, ருமானி என்று வகைகள் உண்டு. மேசை மேல் இருக்கிற, நாளைக்குள் அழுகப்போகிற இந்த ஒரு பழம்தான் ஆப்ஜெக்ட். கம்பைலர் இதைக் கண்டுகொள்ளாது, அதற்கு மாம்பழம் வெறும் பெயர். மாணவனுக்கு அப்படியில்லை. வகைக்கும் தனிப் பொருளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பாடத்தின் அஸ்திவாரம், அது முதல் உதாரணத்திலேயே குழம்பிவிடுகிறது.

அடுத்து இன்ஹெரிட்டன்ஸுக்குப் பறவைகள். பறக்கும் பறவை, பறக்காத பறவை, அதன் கீழே ராபின், பென்குயின், கிவி. வகைப்பாடு சரிதான். ஆனால் அந்தப் பறவைகள் ஒரு வேலையும் செய்வதில்லை, மரப்படத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த ஒரு புத்தகம் என்றில்லை, பிறகு வந்த எத்தனையோ ஜாவா புத்தகங்களிலும் விலங்கு, நாய், பூனை என்று இதே கதைதான்.

இந்தக் கருத்து எங்கே பிறந்தது என்று தேடிப்போனால் வேறு படம் கிடைக்கிறது. நார்வேயின் ஆஸ்லோவில், நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டரில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நைகார்ட் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் ஆள். வரிசைகளும் காத்திருப்பும்தான் அவர்கள் கணினியில் நடத்திப்பார்க்க விரும்பியவை. 1966 கடைசியில் அவர்கள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த உதாரணங்களில் ஒன்று, பாலத்துச் சுங்கச்சாவடியில் வரிசையாக நிற்கும் லாரிகளும் பஸ்களும். வண்டிகள் வேறுவேறு, ஆனால் வரிசையில் நிற்பது எல்லாவற்றுக்கும் பொது. அந்தப் பொதுவானதை எப்படி ஒருமுறை மட்டும் எழுதுவது? இந்தக் கேள்விக்கான விடைதான் பின்னாளில் நமக்கு இன்ஹெரிட்டன்ஸ் ஆனது. அவர்கள் அதை முன்னொட்டு என்றுதான் சொன்னார்கள், அப்பா பிள்ளை உறவெல்லாம் அதில் இல்லை. ஸ்ட்ராவ்ஸ்ட்ரப் சிமுலாவில் பழகியவர். 1979-இல் அவர் தொடங்கிய ‘சி வித் கிளாசஸ்’தான் சி பிளஸ் பிளஸ். கிளாஸ், விர்ச்சுவல், நியூ, திஸ் என்ற சொற்கள் எல்லாம் சிமுலாவிலேயே உண்டு.

லாரி வரிசை! காத்திவாக்கத்துக்காரனுக்கு அதை யாராவது விளக்கணுமா? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராயபுரம் பக்கம் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காக நின்ற கண்டெய்னர் வண்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம். பாடத்தின் அசல் உதாரணம் வாசலில் நிற்க, நாங்கள் பென்குயினை மனப்பாடம் செய்தோம்.

அந்த கேட்டை வைத்தே பாடத்தை நடத்திப் பார்க்கலாம். கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். முதல் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் பதினொன்றாவது வந்தாக வேண்டும். கன்ஸ்ட்ரக்டரின் வேலை இதுதான்: தப்பான எண்ணோடு ஒரு கண்டெய்னர் பிறக்கவே விடக்கூடாது. ‘ஆரம்ப மதிப்பு கொடுப்பது’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியவனுக்கு இது தெரிய வழியில்லை. என்கேப்சுலேஷனுக்கு சீல் போதும். கேட்டில் பெட்டியை உடைத்துப் பார்ப்பதில்லை, சீல் எண்ணையும் காகிதத்தையும் பார்க்கிறார்கள்.

பாலிமார்ஃபிசம்? கேட் ஒவ்வொரு வண்டியிடமும் ‘உன்னைச் சோதிக்க எவ்வளவு நேரம்’ என்று மட்டும் கேட்கிறது. வகையை விசாரித்து ஸ்விட்ச் போட்டு எழுதியிருந்தால், நாளைக்கு ரீஃபர் பெட்டி வரும்போது கேட்டின் நிரலைக் கிளற வேண்டும். இங்கே ரீஃபர் தன் பதிலைத் தானே கொண்டுவருகிறது, கேட் தொடப்படாமல் இருக்கிறது.

முக்கியமான இடம் இனிமேல்தான். பறவை மரத்தில் பழகியவனிடம் இந்த வரிசையைக் கொடுத்தால் காலிப் பெட்டி, சரக்குப் பெட்டி என்று இரண்டு கிளாஸ் எழுதுவான். காலையில் சரக்கோடு போன அதே பெட்டி நாலு நாள் கழித்துக் காலியாக வரும். சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு ஆப்ஜெக்ட் நடுவழியில் தன் கிளாஸை மாற்றிக்கொள்ள முடியாது. காலி என்பது நிலை, பிறப்பு இல்லை. ட்ரெய்லர் வண்டியும் அப்படித்தான். முன்னால் இழுக்கும் தலை வேறு, பின்னால் வரும் ட்ரெய்லர் வேறு, ஏற்றிய பெட்டி வேறு. மூன்றும் யார்டில் பிரிந்து வேறு மூன்றோடு சேரும். இங்கே இன்ஹெரிட்டன்ஸுக்கு இடமே இல்லை, ஒன்று இன்னொன்றை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வேலைக்கு வந்தபின் நான் பிரித்து மேய்ந்த பழைய நிரல்களில் பாதித் தலைவலி இந்த ஒரு வகைதான்: நிலையாக இருக்க வேண்டியதைப் பிறப்பாக்கி, மூன்று நான்கு தலைமுறைக்கு வாரிசு எழுதி வைத்திருப்பார்கள்.

பறவைக்கு ஏன் இந்தச் சிக்கல் வராது? பென்குயின் சாகும்வரை பென்குயின். காலம் ஓடாத உதாரணத்தில் எந்த வடிவமைப்பும் சரியாகத்தான் இருக்கும். சிமுலாக்காரர்கள் ஆப்ஜெக்ட்டைக் கண்டுபிடித்ததே காலத்தை ஓடவிட. பாடப்புத்தகம் காலத்தை எடுத்துவிட்டு மரத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் கலைச்சொற்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கன்ஸ்ட்ரக்டருக்கு ஆக்கி, டிஸ்ட்ரக்டருக்கு அழிப்பி. இரண்டும் அருமை, செய்யும் வேலையைச் சொல்கின்றன. கிளாஸுக்கு இனக்குழு, இன்ஹெரிட்டன்ஸுக்கு மரபுரிமம். இனக்குழு என்றதும் நம்ம ஊரில் மனசு எங்கே போகும்? பிறப்பு, பரம்பரை, மாறாத அடையாளம். வெறும் ‘வகுப்பு’ என்றால் பள்ளி வகுப்போடு குழம்பும் என்று நினைத்திருக்கலாம், அது நியாயம்தான். ‘வார்ப்பு’ என்றோ ‘அச்சு’ என்றோ வைத்திருந்தால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, ஒரே அச்சில் பல பொருள் என்ற படமாவது கிடைத்திருக்கும். மாம்பழம் அச்சா, அச்சில் வார்த்ததா என்று அவளே கேட்டிருப்பாள்.