உணவுத் தெரிவும் சுயநிர்ணயமும்: அமெரிக்கக் கறுப்பின எழுத்துக்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

சுயநிர்ணயம் என்னும் சொல் பெரும்பாலும் நிலப்பரப்பு, மொழி, ஆட்சியதிகாரம் ஆகியவற்றோடு இணைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. ஒரு மக்கட் கூட்டத்தினர் எதனை உண்கின்றனர், அதனை யார் கையாற் பெறுகின்றனர் என்னும் வினாக்கள் அச்சொல்லின் எல்லைக்குள் வருவனவாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. உணவு வீட்டு விவகாரம், சுவை தனிமனித விவகாரம் என்று ஒதுக்கிவிடுவது அரசியல் ஆய்வாளருக்கும் இலக்கியத் திறனாய்வாளருக்கும் வசதியாகவே இருந்துள்ளது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுத்துக்களைத் தொடர்ச்சியாக வாசிப்போருக்கு இவ்வசதி நீடிப்பதில்லை. அடிமைகளின் தன்வரலாறுகள் தொடக்கம் அண்மைக்காலக் கட்டுரைத் தொகுதிகள் வரை அவற்றிலே உணவு இடையறாது பேசப்படுகின்றது.

ஆயினும் அது பேசப்படும் முறை பற்றி நமக்குச் சில ஐயங்கள் உள. 1960களிலே கூர்மையடைந்த விவாதமொன்று இன்றும் முற்றாக ஓயவில்லை. பன்றிக்குடல், சோளமா, கீரைவகை, வற்றாளங்கிழங்கு என அடிமைக் காலத்திலிருந்து வந்த உணவுகள் இனத்தின் பெருமைக்குரிய மரபா, அன்றி அடிமைத்தனத்தின் எச்சமா என்பதே அவ்விவாதம். இரு தரப்பினரும் உணவுக்குள்ளேயே அதன் பொருளைத் தேடினர் என்பதுதான் நமது முறைப்பாடு. விளைநிலம் யாருடையது, பங்கிடும் அகப்பை யார் கையில் இருந்தது, மறுக்கும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்னும் வினாக்களை முன்வைத்து நோக்குமிடத்து, ஒரே உணவு முற்றிலும் மாறான பொருள்களைத் தருவதைக் காணலாம்.

பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றை இங்கு முதலில் கவனிப்போம். மேரிலாந்துப் பெருந்தோட்டமொன்றின் பங்கீட்டுக் கணக்கை அவர் எண்களாகவே தருகின்றார்: வளர்ந்த அடிமை ஒருவருக்கு மாதமொன்றுக்கு 8 இறாத்தல் பன்றியிறைச்சி அல்லது அதற்கீடான மீன், ஒரு புசல் சோளமா. சிறுவர்களுக்குரிய கூழ் மரத்தொட்டியில் ஊற்றப்பட்டு நிலத்தில் வைக்கப்பட்டது; பன்றிகளைப் போல அவர்கள் அழைக்கப்பட்டனர்; சிப்பியோடு வைத்திருந்தவன் சிப்பியால் அள்ளினான், ஏனையோர் கையால் அள்ளினர். எசமானின் பழத்தோட்ட வேலிக்குத் தார் பூசப்பட்டிருந்ததையும் அவர் கூறுகின்றார். உடலிலே தார் ஒட்டியிருந்தால் அதுவே களவுக்குச் சான்றாகும்; கசையடி உறுதி.

இவை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை. அந்நூலிலேயே அவ்வளவாகக் கவனிக்கப்படாத இன்னொரு குறிப்பு நமது பொருளுக்கு மிக இன்றியமையாதது. அடிமையொருவன் கரும்புப்பாகைத் திருடித் தின்றான் என்றால், எசமானர் சிலர் பட்டினத்திலிருந்து பெருமளவு பாகை வாங்கிவந்து, சவுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பெயரைக் கேட்டாலே குமட்டும்வரை அவனைத் தின்னச் செய்வராம். பண்டிகை நாட்களில் வரம்பின்றிக் குடிக்க ஊக்குவிப்பதும் இதே நோக்கில்தான் என்று டக்ளஸ் விளக்குகின்றார். சுதந்திரம் என்பது இவ்வாறு திகட்டிப்போகும் ஒன்றே என அடிமையை நம்பவைப்பது அதன் உட்கிடை. உணவை மறுப்பது மட்டுமன்றி, விருப்பையே எசமானின் கருவியாக மாற்றுவதும் அடிமைமுறையின் இயல்பாயிருந்தது என்பதை அவர் துல்லியமாக உணர்ந்திருந்தார். தெரிவு செய்யும் உரிமை தரப்பட்டதுபோற் காட்டி அதனைப் பறிக்கும் இந்நுட்பம் பிற்காலச் சந்தைப் பொருளாதாரத்துக்கும் அந்நியமானதன்று.

றிச்சர்ட் றைற்றின் ‘பிளக் போய்’ (1945) பசியின் நூல். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றபின் மெம்பிஸ் நகரிலே சிறுவன் அறியும் பசி, தந்தையின் உருவத்தோடு ஒன்றிணைந்து கசப்பாக உறைகின்றது. விருந்துண்ண வந்த போதகர் பொரித்த கோழியை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துண்ண, தனது சூப்பை முடித்தாலன்றிக் கோழி கிடையாது என்ற நிலையில் சிறுவன் தவிக்கும் காட்சி நகைச்சுவையோடு எழுதப்பட்டிருப்பினும் அதன் அடியில் ஓடுவது கோபமே. கறுப்பின வாழ்வின் சுவைகளையும் மகிழ்ச்சிகளையும் றைற் காணத் தவறினார் என்று குறைகூறுவோர் உளர். தட்டில் எதுவும் இல்லாத இடத்தில் சுவையைப் பற்றி எழுதவில்லை என்று ஓர் எழுத்தாளரைக் கடிவது விசித்திரமான திறனாய்வு என்றே நமக்குப் படுகின்றது. அவர் தமது தன்வரலாறு முழுவதற்கும் முதலில் இட்ட பெயர் ‘அமெரிக்கன் ஹங்கர்’ என்பதும், வடக்கில் கழிந்த நாட்களையும் கம்யூனிஸ்ற் கட்சி அனுபவத்தையும் கூறும் அதன் இரண்டாம் பகுதி அவர் மறைந்து 17 ஆண்டுகளின்பின் 1977இலேயே அப்பெயரில் நூலாயிற்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கன.

றால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மான்’ (1952) நாவலில் வரும் வற்றாளங்கிழங்குக் காட்சி இத்துறையில் மிகப் புகழ்பெற்றது. தென்பகுதியிலிருந்து நியூயோர்க் வந்த இளைஞன் உணவுக் கடையொன்றில் தெற்கத்தி உணவை விரும்பியும் வேண்டாமென்று தள்ளி, தோடம்பழச் சாறும் கோப்பியும் கேட்கின்றான். பின்னொரு குளிர்நாளில் ஹார்லெம் தெருவோரத்திலே சுட்ட கிழங்கை வாங்கி, நடந்தபடியே, வெட்கமின்றி உண்கின்றான். அவ்வேளையில் அவன் அடையும் விடுதலை உணர்ச்சியை வியந்து போற்றாத விமர்சகர் அரியர். ஆனால், எலிசன் அங்கே நிறுத்தவில்லை. அவன் மேலும் இரு கிழங்குகளை வாங்குகின்றான்; பின்பு கடித்தது பனியிற் பழுதாகிக் கசக்கின்றது. சில பக்கங்களுக்குள், முதிய தம்பதியரின் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில் வீசப்பட்டு அவர்கள் குடியெழுப்பப்படும் இடத்தில் அவன் போய் நிற்கின்றான். பழைய சுவையை மீட்டெடுப்பது தன்னைத் தானே ஏற்றுக்கொள்வதற்கு உதவலாம். வீட்டு வாடகையை அது தீர்க்காது. அரசியலளவில் நாம் எலிசனோடு உடன்படாத இடங்கள் பல. எனினும் இக்காட்சி வரிசையில் அவரது கலையுணர்வு அவரது கொள்கையினும் முன்னே சென்றுள்ளது.

இனி 1960களின் விவாதத்துக்கு வருவோம். அப்போது லீறோய் ஜோன்ஸ் என அறியப்பட்ட அமிரி பராகா, கறுப்பினத்தவருக்கென்று தனியான உணவுமரபு இல்லையென்ற கூற்றை மறுத்து எழுதிய சிறு கட்டுரை ‘ஹோம்’ (1966) தொகுதியில் உள்ளது. உணவுகளை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி அழைக்கும் அதன் நடையில் உவகையும் எள்ளலும் கலந்துள்ளன. இதற்கு நேரெதிராக எல்ட்ரிட்ஜ் கிளீவர் ‘சோல் ஒன் ஐஸ்’ (1968) நூலில், பன்றிக்குடலைப் போற்றுவது வசதிபடைத்த கறுப்பரின் பாவனை என்றும், சேரிகளில் வேறு வழியின்றி அதனை உண்போர் நல்ல மாட்டிறைச்சியையே விரும்புவர் என்றும் இடித்துரைத்தார். மார்க்சிய வாசகர் கிளீவர் பக்கம் உடனே சாய்ந்துவிடுவது இயல்பு. அவ்வாறு சாய்வது போதாது. ஆளும் வர்க்கத்தின் தட்டில் உள்ளதை அவாவுவது வர்க்க உணர்வின் தொடக்கமாகலாம், அதன் முழுமையாகாது.

மூன்றாவது நிலைப்பாடு எலைஜா முகம்மதுவினுடையது. ‘ஹவ் ரு ஈற் ரு லிவ்’ (1967) நூலில் பன்றியிறைச்சியை மட்டுமன்றித் தெற்கின் கீரை, வற்றாளங்கிழங்கு முதலியவற்றையும் அவர் விலக்கினார். நாளுக்கு ஒருவேளை உண்பதை வற்புறுத்தினார். உடற்கூற்றியல் நோக்கில் அந்நூலின் கூற்றுக்கள் பல ஏற்கத்தக்கனவல்ல. ஆயினும் அவரது இயக்கம் பண்ணைகளையும் வெதுப்பகங்களையும் உணவகங்களையும் நடத்தியது என்பதை எள்ளி ஒதுக்கிவிட முடியாது. ‘உண்ணாதே’ என்னும் விதியோடு ‘நாமே விளைவிப்போம்’ என்னும் முயற்சியும் அங்கே இணைந்திருந்தது. அம்முயற்சி சிறுமுதலாளித்துவ வணிகத்தின் வரம்புக்குள்ளேயே நின்றது.

இடதுசாரி மரபின் பங்களிப்பையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் வேண்டும். 1928இல் கம்யூனிஸ்ற் அகிலத்தின் ஆறாவது பேராயம் அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டெனும் நிலைப்பாட்டை மேற்கொண்டது. அதன் எல்லைகளை வரைவதிலும் மறுப்பதிலும் செலவான மை கொஞ்சமன்று. 1931இல் அலபாமாவிலே கட்சியின் துணையோடு அணிதிரண்ட வாரக்குடிகள் முன்வைத்த கோரிக்கைகளோ வேறு வகையின: உணவு முற்பணத்தை நிறுத்தக்கூடாது, விளைச்சலைத் தாமே விற்க உரிமை வேண்டும், கூலியாட்கள் தமக்கெனச் சிறு காய்கறித் தோட்டம் வைத்துக்கொள்ள இடமளிக்க வேண்டும். றொபின் கெலி 1990இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றை விரிவாகக் கூறுகின்றது. தேசம் பற்றிய தீர்மானத்துக்கும் அடுப்படிக்குப் பக்கத்துக் கீரைப்பாத்திக்கும் இடையே உள்ள தொடர்பைக் கோட்பாட்டாளரினும் வாரக்குடிகளே தெளிவாகக் கண்டிருந்தனர் எனலாம். பருத்திக்காக நிலம் முழுவதும் உழப்படும் இடத்தில் கீரைப்பாத்தி என்பது நிலவுடைமையாளனின் கடன் புத்தகத்துக்கு வெளியே ஒரு வேளை உணவு.

அக்கடன் புத்தகத்தின் உள்ளிருந்து பேசியவர் ஃபன்னி லூ ஹேமர். 1967இல் வெளிவந்த ‘ரு பிறெய்ஸ் அவர் பிறிட்ஜஸ்’ என்னும் சிறுநூல் அவரது வாய்மொழித் தன்வரலாறு. மிசிசிப்பியில் 1917இல் பிறந்த அவர், ஆறு வயதில் பருத்தி பறிக்க எவ்வாறு இழுக்கப்பட்டார் என்பதைப் பலமுறை கூறியுள்ளார். தோட்டக் கடையிலுள்ள ரின்மீனையும் தின்பண்டங்களையும் காட்டி, பருத்தி பறித்தால் அவை கிடைக்கும் என்றான் தோட்டக்காரன். குழந்தை பறித்தது, அன்று தொடங்கிய கடமை வளர்ந்துகொண்டே போயிற்று. டக்ளஸின் கரும்புப்பாகை வாசித்தவருக்கு இந்த ரின்மீன் புதியதன்று. பின்னர் அவரது தந்தையார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கோவேறு கழுதைகளும் பசுக்களும் வாங்கித் தலைநிமிர முயன்றபோது, வெள்ளையன் ஒருவன் அவற்றின் தீனியில் நஞ்சு கலந்தான்.

உணவு நேரடியான அரசியல் ஆயுதமாகப் பயன்பட்டதற்கு அதே மாநிலத்தின் லெஃப்ளோர் மாவட்டம் சான்று. கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிய முற்பட்டதற்குப் பழிவாங்கும் வகையில், 1962இல் மாவட்ட நிருவாகம் கூட்டாட்சி அரசின் உபரி உணவு விநியோகத்தை நிறுத்தியது. 20,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மாணவர் இயக்கத்தினர் வடக்கிலிருந்து உணவு திரட்டி அனுப்பினர். நகைச்சுவைக் கலைஞர் டிக் கிறெகறி 1963 தொடக்கத்தில் உணவுப்பொதிகளோடு வந்திறங்கினார். வன்முறை மறுப்பின் தொடர்ச்சியாகப் பின்னர் மரக்கறி உணவுக்கு மாறி, 1973இல் அதுபற்றி நூலெழுதியவரும் இவரே. அவரது மரக்கறி வாதத்தை வெறும் உடல்நல மோகமாக வாசிப்போர் முந்திய பயணத்தை மறந்துவிடுகின்றனர்.

வாக்குப்பதிவுக்கு முயன்றமைக்காக 1962இல் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஹேமர், 1969இல் சன்ஃபிளவர் மாவட்டத்தில் 40 ஏக்கர் நிலத்தோடு சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். அதன் உயிர்நாடி ‘பன்றி வங்கி’. நீக்ரோ பெண்கள் தேசிய மன்றத்தின் உதவியோடு பெறப்பட்ட பன்றிகள் வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. குட்டிகள் ஈன்றதும் அவற்றுட் சில பிற குடும்பங்களுக்குச் சென்றடைந்தன. எலைஜா முகம்மது நஞ்சென விலக்கிய அதே விலங்கு. கிளீவர் ஏளனம் செய்த அதே இறைச்சி. டக்ளஸின் காலத்தில் எசமான் நிறுத்துக் கொடுத்ததும் அதுவே. பட்டியும் பன்றியும் குடும்பத்தினுடையனவானபோது, வாக்களித்தால் பட்டினி என்னும் மிரட்டல் வலுவிழந்தது. மரபா, எச்சமா என்ற வினாவுக்கு இங்கு இடமே இல்லை.

இப்பண்ணையை இலட்சியமயப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. நிலக்கடனைக் கட்டுவதற்காக அதுவும் பருத்தியையும் சோயாவையும் பயிரிட நேர்ந்தது. 1970களின் நடுப்பகுதியில் நிலம் கைவிட்டுப் போயிற்று; ஹேமர் 1977இல் மறைந்தார். தனித்த கூட்டுறவொன்று முதலாளித்துவக் கடன்முறையின் நடுவே எவ்வளவு காலம் நிலைக்கும் என்னும் பழைய வினா அங்கே விடையின்றியே நின்றுவிட்டது. கருஞ்சிறுத்தைகள் 1969 ஜனவரியில் ஓக்லந்துத் தேவாலயமொன்றில் ஆரம்பித்த இலவசக் காலையுணவுத் திட்டம் அதே ஆண்டில் உளவுத்துறைத் தலைவர் ஹூவரின் கடுங்கவனத்துக்கு உள்ளானதையும் இதனுடன் சேர்த்தெண்ணலாம். துப்பாக்கியைக் காட்டிலும் கஞ்சிக் கோப்பை அவரை அச்சுறுத்தியது என்றால் அதில் வியப்பில்லை.

மேற்கூறிய ஆண் எழுத்தாளர் எவரும் சமைப்பவர் யார் என்று பெரிதாகக் கேட்டதில்லை. வேற்றமே ஸ்மாற்-குறோவ்னரின் ‘வைபிறேஷன் குக்கிங்’ (1970) அவ்விடைவெளியை நிரப்பிய நூல். தென் கரோலினாத் தாழ்நிலத்தின் சோறுண்ணும் சமூகத்தில் வளர்ந்த அவர், அளவுக் கரண்டிகளை ஒதுக்கிவைத்து, பாட்டிமார் கதைகளுக்கும் பாரிஸ் நினைவுகளுக்கும் நடுவே சமையற் குறிப்புகளைச் செருகினார். கறுப்பினப் பெண் இன்ன உணவைத்தான் சமைக்கவேண்டும் என்னும் எதிர்பார்ப்பை வெள்ளையரிடத்தும் தம்மவரிடத்தும் அவர் ஏற்கவில்லை. பராகாவின் பெருமிதத்தினும் இது முதிர்ந்த நிலை.

பிறீஸ் ஹாப்பர் தொகுத்த ‘சிஸ்ரா வீகன்’ (2010) இம்மரபின் அண்மைக்கால வாரிசு. விலங்குணவை முற்றாகத் தவிர்க்கும் கறுப்பினப் பெண்கள் பலர் அதில் எழுதியுள்ளனர். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் இனவொடுக்குமுறையின் உடற்சுவடுகளாக வாசிக்கும் கட்டுரைகள் வலுவானவை. தனிமனிதத் தூய்மையே விடுதலை எனும் தொனி வரும் இடங்கள் சறுக்குகின்றன. அங்காடிகளற்ற நகர்ப்பகுதிகளை ‘உணவுப் பாலைவனம்’ என்றழைக்கும் வழக்கத்தைக் கறுப்பினச் செயற்பாட்டாளர் பலர் மறுப்பதும் கவனத்துக்குரியது. பாலைவனம் இயற்கையின் ஆக்கம், இதுவோ மனிதர் வகுத்தது என்பர். 1920இல் ஏறத்தாழ 925,000 ஆக இருந்த கறுப்பின விவசாயிகள் 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50,000க்கும் குறைவு. கடன் வழங்கலில் விவசாயத் திணைக்களம் பாகுபாடு காட்டியது தொடர்பான வழக்கு 1999இல் இணக்கத்தீர்வு கண்டபோது, இழந்த நிலத்திற் பெரும்பகுதி மீளவில்லை. டெற்றோயிற்றில் 2006இல் உருவான கறுப்பினச் சமூக உணவுப் பாதுகாப்பு வலையமைப்பு, றூஜ் பூங்காவிலே பண்ணையொன்றை நிறுவிக் கீரையும் காய்கறியும் விளைவித்தது. அந்நிலம் நகரசபைக்குரியது, உடன்படிக்கையின் பேரில் ஆண்டுக்கணக்கு வைத்துக் கொடுக்கப்பட்டது.