அசையாப் புள்ளியும் அண்டைக் கட்டமும்

வட்டமான ஒரு ரப்பர்த் தகட்டைக் கிழிக்காமல், எவ்வளவுதான் நெளித்தும் மடித்தும் சுருக்கியும் அதன் பழைய எல்லைக்குள்ளேயே மீண்டும் வைத்தாலும், இருந்த இடத்தைவிட்டுப் பெயராத புள்ளி ஒன்றேனும் அதில் இருந்தே தீரும் என்று டச்சுக் கணித மேதையான பிரௌவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிரூபித்த நிலைப்புள்ளித் தேற்றம், பின்னர் பொருளாதாரம் வரை எத்தனையோ சாஸ்திரங்களுக்கு ஆதாரமாயிற்று. ஆனால் அத்தேற்றம் வாழும் உலகத்தில், எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலும் எண்ணிறந்த புள்ளிகள் உண்டு. கணிப்பொறித் திரையில் தோன்றும் படமோ, இடையில் ஒன்றுமே இல்லாத பிக்சல் கட்டங்களின் அடுக்கு.

அந்த அடுக்குக்கும், எது எதற்கு அண்மை, எது தொடர்ச்சி என்று ஆராயும் ஓர் இடத்தியல் உண்டு என்று காட்டி, 1979-இல் ‘இலக்க இடத்தியல்’ என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதியவர் அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸ்ரியல் ரோசன்பெல்டு. சதுரங்கத்து ராஜா ஓர் அடியில் எட்டுத் திசையிலும் போவதுபோல அண்மையைக் கொள்ளலாம். மூலைவிட்டத்தை விலக்கி நான்கு திசைகளை மட்டுமே அண்மையாகக் கொள்ளவும் செய்யலாம். ஒவ்வொரு கட்டத்தையும் ஏதேனும் ஒரு கட்டத்துக்கு அனுப்பும் சார்பில், அண்டைக் கட்டங்கள் எந்த இரண்டும் ஒரே கட்டத்துக்கோ அண்டைக் கட்டங்களுக்கோ போய்ச் சேருமானால் அந்தச் சார்பு தொடர்ச்சியுடையது என்பது, 1986-இல் அவர் வளர்த்த கொள்கையின் சாரம்.

இந்த உலகத்தில் பிரௌவர் தேற்றம் பிழைக்கிறதா? பிழைக்கவில்லை, அதற்கான நிரூபணமோ ஒரு குழந்தைக்கும் சொல்லிவிடக்கூடியது. பிரிவின்றித் தொடர்ந்த ஒரு படத்தில் அ, ஆ என அண்டைக் கட்டங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு, அ-வை ஆ-வுக்கும், ஆ உட்பட எஞ்சிய அனைத்தையும் அ-வுக்கும் அனுப்பினால், எல்லாம் அண்டையிலுள்ள இரண்டே கட்டங்களில் அடங்கிவிடுவதால் தொடர்ச்சி கெடுவதில்லை; ஆயினும் இருந்த இடத்தில் நிற்பது ஒன்றுகூட இல்லை. ஆகவே, நிலைப்புள்ளி நிச்சயம் என்ற பெருமை ஒரே ஒரு கட்டமுள்ள படத்துக்கு மட்டுமே உரியது.

பிரௌவர் தேற்றத்தில் எஞ்சியது எது என்பதே இத்துறையின் அழகான கேள்வி. 0 முதல் 3 வரை நான்கு கட்டங்களைத் தலைகீழாகத் திருப்பினால் எதுவும் நிற்பதில்லை. ஆனால் 1-உம் 2-உம் அண்டை வீட்டுக்கே போகின்றன. ராஜாவின் அண்மையைக் கொண்டால், செவ்வகப் படத்தின் எந்தத் தொடர்ச்சியான சார்பிலும் இருந்த இடத்திலோ அடுத்த கட்டத்திலோ போய் நிற்கும் புள்ளி ஒன்று உண்டு என்று ரோசன்பெல்டு நிறுவினார். நான்கு திசை அண்மைக்கு மாறினால் இந்த ஆறுதலும் போய்விடுகிறது: இரண்டுக்கு இரண்டான சிறு சதுரத்தில் எதிர்மூலைகளை இடம் மாற்றிப் பாருங்கள், தொடர்ச்சி இருக்கிறது, ஆனால் யாரும் அண்டை வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

புள்ளிகளுக்கிடையே உள்ள தூரங்களை ஒரு நிலையான விகிதத்திலேனும் குறைக்கும் ‘சுருக்கச் சார்பு’க்கு நிலைப்புள்ளி ஒன்று உண்டு என்று 1922-இல் கணித மேதை பனாக் வெளியிட்ட சுருக்கத் தேற்றத்தை இந்நிலத்தில் நட முயன்ற கட்டுரைகள் பல. நான்கு திசை அண்மையில் அண்டைக் கட்டங்களின் தூரம் ஒன்று. சுருக்கச் சார்பு அதை ஒன்றுக்கும் குறைவாக்க வேண்டும். முழு எண் கட்டங்களுக்கிடையே அத்தகைய தூரம் பூஜ்யம் ஒன்றே. எனவே தொடர்ந்த படத்தில் அச்சார்பு எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் குவிக்கும் மாறிலியாகிறது. தேற்றம் சொல்லும் நிலைப்புள்ளி அதுவேதான்! இவ்வகைக் கூற்றுகளில் பல பிழையானவை அல்லது வெறுமையானவை என்று கணித ஆய்வாளர்களான லாரன்ஸ் பாக்ஸரும் கிறிஸ்டோபர் ஸ்டேக்கரும் 2019-இல் பெயர் சுட்டி எழுதியது இத்துறைக்கு ஆற்றிய பெருந்தொண்டு என்பது என் அபிப்பிராயம்.

குறை சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. 2020-இல் பாக்ஸர் முன்வைத்த ‘உறைகணம்’ கட்டங்களின் இயல்பிலிருந்தே பிறந்த கருத்து: எந்தப் புள்ளிகளை அசையாமல் பிடித்துக்கொண்டால் படம் முழுவதும் அசைய முடியாமல் உறைந்துவிடும்? நான்கு திசை அண்மையில் செவ்வகத்தின் நான்கு மூலைகளே போதும். ஏனெனில், எந்தக் கட்டத்திலிருந்தும் எதிர்மூலைகள் இரண்டுக்கும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்றே. தொடர்ச்சியான சார்பு தூரத்தைக் கூட்டாதாகையால் ஒரு தூரமும் குறைய இடமில்லை. இரண்டு ஜோடி மூலைகளும் சேர்ந்து கட்டத்தின் இருப்பிடத்தைக் கட்டிப்போடுகின்றன. ராஜாவின் அண்மையிலோ விளிம்பு முழுவதையும் பிடித்தாக வேண்டும். ஒரு விளிம்புக் கட்டத்தை விட்டாலும் அது உள்ளே நழுவிவிடும். நூற்றுக்கு நூறான படத்தில், முன்னதற்கு 4 புள்ளிகள், பின்னதற்கு 396.

இத்துறையில் புகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய தேற்றம் ஒன்றைக் கட்டங்களுக்குக் கொண்டுவரும் முன், கோடிட்ட தாளில் இரண்டுக்கு இரண்டான ஒரு சதுரம் வரைந்து அதை அங்கே சோதித்துப் பாருங்கள்.