மூடியிருக்கும் பாட்டில்

கும்மிடிப்பூண்டிக்கும் ஒயினுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிறார்கள். மோட்டார் சாமான்கள் செய்கிறார்கள். கடைத்தெருவில் பருப்பும் புளியும் மிளகாயும் விற்கிறார்கள். மளிகைக் கடையில் பாட்டில் என்றால் அது பெரும்பாலும் நல்லெண்ணெய்ப் பாட்டில். அப்படியிருக்க, மளிகைக் கடையில் நல்ல ஒயினைக் கொள்ளும் விலைக்கு வாங்குவது எப்படி என்று நான் யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் அக்கா பிள்ளை.

அவன் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன். பயிற்சிக்காக மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை ராத்திரி அங்கிருந்து போன் செய்தான்.

"மாமா, எங்க ஃபோர்மன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கார். வெறுங்கையோட போகக் கூடாதாம். ஒரு ஒயின் பாட்டிலாவது கொண்டு போகணுமாம். இங்கே மளிகைக் கடையிலேயே ஒரு சுவர் முழுக்க அடுக்கி வச்சிருக்காங்க. ரெண்டு யூரோவிலேருந்து இருபது யூரோ வரைக்கும் இருக்கு. எதை எடுக்கிறது?"

"அதை ஏண்டா என்னைக் கேட்கிறே? நான் அதைத் தொட்டதுகூடக் கிடையாதே!"

"நீங்கதானே மாமா புஸ்தகத்துக்கெல்லாம் விமரிசனம் எழுதறீங்க?"

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, தூக்கம்தான் நின்றது. பையன் கேட்டது தப்பான கேள்வி இல்லை என்று தோன்றிற்று.

அவன் அம்மா, அதாவது என் அக்கா, அரிசி வாங்குவதைப் பார்க்க வேண்டும். செங்குன்றத்து ஆலைகளிலிருந்து கல்கத்தா ரோடு வழியாக வரும் மூட்டைகள்தான். சாக்கின்மேல் அச்சடித்த பெயரை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்புவாள். குருணை எவ்வளவு என்று பார்ப்பாள். நாலு அரிசியை வாயில் போட்டுக் கடிப்பாள். நறுக்கென்று முறிந்தால் பழைய அரிசி. மாவாகப் பல்லில் ஒட்டினால், "புதுசு, குழைஞ்சு போயிடும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவாள். அவளுக்கு எந்த விமரிசகனும் தேவையில்லை. பண்டம் திறந்திருக்கிறது, அவளுக்குப் பல் இருக்கிறது.

ஒயின் பாட்டில் அப்படி இல்லை. அது மூடியிருக்கிறது. திறந்தால் வாங்கியதாக அர்த்தம். புஸ்தகமும் ஏறக்குறைய அப்படித்தான். கடையில் நின்றபடி நாலு பக்கம் புரட்டலாம்; நானூறு பக்கமும் எப்படிப் போகும் என்று தெரியாது. மூடியிருக்கிற பண்டத்துக்குத்தான் விமரிசகன் வேண்டியிருக்கிறது. முன்னாலேயே திறந்து பார்த்தவன், பின்னால் காசு கொடுக்கப் போகிறவனுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். விமரிசனத்தின் வேலை இவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

குடியை நான் சிபாரிசு செய்வதாக வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். சேலம் ஜில்லாவில் 1937ல் மதுவிலக்கைத் தொடங்கிப் பார்த்த ராஜ்யம் இது. 1971ல் அது தளர்ந்தது. 2003லிருந்து சில்லறை விற்பனையே சர்க்கார் கம்பெனியின் கையில் இருக்கிறது. அந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்ட வேண்டும். அந்தப் பக்கத்திலிருப்பவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்துப் பார்க்கவும் ஒப்பிடவும் இடமில்லாத இடத்தில் ரசனை வளராது. போதை மட்டும்தான் மிஞ்சும். மகாராஷ்டிரத்தில் பெரிய மளிகைக் கடைகளில் ஒயின் விற்கலாம் என்று மந்திரிசபை 2022 ஜனவரியில் தீர்மானித்தபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. எதிர்த்தவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் என் அக்கா பிள்ளை நிற்பது வேறு ஊரில், வேறு அலமாரியின் முன்னால். அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்று ராத்திரி ஒயின் விமரிசகர்களைப் படித்தேன். ஒரு பாட்டிலில் ஈரக் கல்லின் வாசனை வருகிறதாம். இன்னொன்றில் புகையிலை, வேறொன்றில் தோல், பென்சில் சீவின தூள். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு நாம் எழுதுவது ஞாபகம் வந்தது. மண் வாசனை வீசுகிறது, நெஞ்சை உலுக்குகிறது, காலத்தால் அழியாதது. இந்த மூன்றையும் எழுதாத மதிப்புரைக்காரன் தமிழில் உண்டா? ஈரக் கல்லாவது கையில் எடுத்து மோந்து பார்க்கக் கூடியது.

இவர்கள் நாக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று சிலர் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஃப்ரெடரிக் ப்ரோஷே என்பவர் 2001ல் வெளியிட்ட சோதனை ஒன்று. பிரான்ஸில் போர்தோ நகரத்தில் ஒயின் சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்ஸன் என்பவர் போட்டி நீதிபதிகளுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று தடவை, அவர்களுக்குத் தெரியாமல், ஊற்றிக் கொடுக்கச் செய்தார். பத்தில் ஒருவர்தான் மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே மதிப்பைப் போட்டார் என்று 2008ல் எழுதினார். அதே வருஷம் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியில், விலை தெரியாமல் ருசி பார்த்த 6,000க்கும் மேற்பட்ட மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தார்கள். சாதாரண ஜனங்கள் விலை அதிகமான ஒயினை அதிகமாக விரும்பவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைவாகவே விரும்பினார்கள். ஆனால் ஒயினைப் பற்றிப் பயிற்சி பெற்றவர்கள் விஷயத்தில் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே பழக்கத்தால் நாக்குக்குக் கொஞ்சம் அறிவு வரத்தான் செய்கிறது. விமரிசனம் முழுவதும் மோசடி என்று தள்ளிவிடுவதற்கில்லை.

அந்த நீதிபதிகளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதையும் கிடையாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் நாவலைப் பற்றி இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதினேன். நான் படித்தது நாற்பது பக்கம். மீதியை அட்டையில் இருந்த பெயர் படித்தது. பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் அந்த நாவலைத் தபாலில் எனக்கே அனுப்பிவிட்டார். உள்ளே ஒரு கார்டு. "நீங்கள் சொன்னதால் 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நீங்கள் படித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள்" என்று எழுதியிருந்தார். அதற்கு இன்றுவரை நான் பதில் எழுதவில்லை.

அதனால் அக்கா பிள்ளைக்கு ஈரக் கல்லைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். நாக்கு இல்லாதவனும் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதை மட்டும் சொல்வது.

முதலாவது, ஊர்ப் பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. மோசல் நதிக்கரையில் பீஸ்போர்ட் என்று பெயர் பெற்ற ஊர் ஒன்று இருக்கிறது. அதன் கோல்ட்ட்ரெப்ஷன் என்ற சரிவு பிரசித்தமானது. 'பொன் துளி' என்று அர்த்தம். ஆனால் 1971ல் வந்த ஜெர்மன் சட்டம், சுற்றுப்பட்ட பல கிராமங்களின் திராட்சையையும் 'பீஸ்போர்ட் மிஹெல்ஸ்பெர்க்' என்ற ஒரே பெயரில் விற்க வழி செய்துவிட்டது. இரண்டு சீட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. எது தனிச் சரிவு, எது கூட்டுப் பெயர் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. நமக்கு இது புது அனுபவம் அல்ல. கும்பகோணம் போய்ச் சேர முந்நூறு கிலோமீட்டர் இருக்கும்போதே நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை தொங்குகிறது. பித்தளை டபராவும் இருக்கும். காபி எப்படி என்பது குடித்தவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, சர்க்கார் முத்திரையை அளவோடு நம்ப வேண்டும். அங்கே தரமான ஒயின் என்று போட்டு விற்பதானால் பரிசோதனைக் குழு ருசி பார்த்து ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்த எண் பாட்டில் சீட்டிலேயே இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் பரிசோதித்த வருஷம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்துக்கு ஒன்றரை வாங்கினாலே தேறிவிடலாம். நம் பள்ளிக்கூடத்து முப்பத்தைந்தைவிடக் குறைவு! அந்த எண் இருந்தால் கெட்டுப்போன சரக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல சரக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, யார் அடைத்தது என்று பார்க்க வேண்டும். 'குட்ஸ்அப்ஃப்யூலுங்' என்று ஒரு வார்த்தை சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். சொந்தத் தோட்டத்தில் விளைந்ததைத் தாங்களே பிழிந்து தாங்களே அடைத்தது என்று அர்த்தம். பொறுப்புக்கு ஓர் ஆள் இருக்கிறான். ஊர் ஊராக மொத்தமாக வாங்கிக் கலந்து அடைக்கிற கம்பெனிக்கு அந்த வார்த்தையைப் போட உரிமை இல்லை.

நான்காவது விலை. பாட்டில், மூடி, சீட்டு, லாரி வாடகை எல்லாம் இரண்டு யூரோ ஒயினுக்கும் உண்டு, ஆறு யூரோ ஒயினுக்கும் உண்டு. இரண்டு யூரோவில் இவையெல்லாம் போக ஒயினுக்கென்று மிஞ்சுவது சொற்பம். அடித்தட்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால், கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் பண்டத்துக்குப் போகிறது. இன்னும் மேலே ஏறினால் பெயருக்குப் போக ஆரம்பிக்கிறது. ஆகவே பிரசித்தமான ஊரின் மட்டமான பாட்டிலைவிட, பிரசித்தமில்லாத திராட்சையின் யோக்கியமான பாட்டில் மேல். மோசல் ரீஸ்லிங் என்றால் உலகத்துக்கே தெரியும். ரைன்ஹெஸ்ஸன் சில்வானர் என்றால் அவ்வளவு பேர் திரும்பிப் பார்ப்பதில்லை. விலையும் அவ்வளவு ஏறுவதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். "ரைன்ஹெஸ்ஸன் சில்வானர், அந்த வாய்க்குள் நுழையாத வார்த்தை போட்டது, ஆறு யூரோவுக்குள்ளே இருந்தா எடு. ருசி எப்படின்னு நான் சொல்லமாட்டேன். நான் குடிச்சதில்லை. படிச்சதைத்தான் சொல்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை அவனே கூப்பிட்டான்.

"பாட்டில் எப்படிடா இருந்தது?"

"தெரியலை மாமா. ரொம்ப சந்தோஷம்னு வாங்கி உள்ளே வச்சுட்டார். அவர் எடுத்து வச்சிருந்ததைத்தான் திறந்தார். ஆனா சீட்டை நல்லாப் படிச்சுப் பார்த்தார். இதை எடுக்கச் சொல்லி யார் சொன்னாங்கன்னு கேட்டார். எங்க மாமான்னேன். அவர் ஒயின் வியாபாரியான்னார். இல்லை, கதை எழுதறவர், ஒயின் குடிச்சதே இல்லைன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"சிரிச்சார் மாமா."

அவர் சிரித்தது நியாயம். அந்தப் பாட்டில் விஷயத்தில் என் விமரிசனம் சரியா தப்பா என்று எனக்குத் தெரியப் போவதில்லை. திறந்து பார்க்காமல் ஒன்றைச் சிபாரிசு செய்தது இது இரண்டாவது தடவை. ஆனால் திறந்து பார்க்கவில்லை என்பதை என் அக்கா பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். பொன்னேரி ஆசிரியரிடம் சொல்லவில்லை. அவருடைய கார்டு மேஜையில்தான் இருக்கிறது. 450 ரூபாய்க்கு மணியார்டரும் ஒரு பதிலும் இந்த வாரம் அனுப்ப வேண்டும்.