வாதவூரடிகளின் பித்து

பேரறிவிற்கும் பித்திற்கும் இடைப்பட்ட சுவர் மிக மெல்லியது என்பது மேல்நாட்டார் நெடுங்காலமாகக் கூறிவரும் கொள்கை. இத்தாலிய மருத்துவராகிய லொம்புரோசோ என்பார் 1864-ஆம் ஆண்டில் அதனை ஒரு நூலாகவே விரித்தெழுதினார். இக்கொள்கையைத் திருவாசகத்தின்மேல் ஏற்றி, அடிகள் அழுததும் அரற்றியதும் மெய்விதிர்த்ததும் ஒருவகை உளநோயின் குறிகளே எனக் கூறிவிடுதல் எளிது. பித்தரெல்லாம் சித்தரே என மயங்குவாரும் உலகில் உளர். இவ்விரு கூற்றும் பிழைபட்டன என்பதைத் திருவாசகமும் மெய்கண்ட நூல்களும் தெளிவிக்கும்.

அடிகள் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறை, இக்காலத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் ஆகும். அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சராய்த் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் பெற்றவர், குதிரை வாங்கக் கொடுத்த பொருளோடு அங்குச் சென்று, குருந்தமர நிழலிற் குருவைக் கண்டு, அப்பொருள் முழுவதையும் சிவப்பணிக்கும் அடியார்க்கும் ஆக்கினார். அரசன் நோக்கில் இது குற்றம். உலகர் நோக்கிற் பித்து. பரஞ்சோதி முனிவர் இவ்வரலாற்றை நான்கு படலங்களிற் கூறுமிடத்து இதனை மறைத்தாரல்லர். வாதவூரர் சுடுவெயிலில் நிறுத்தப்பட்டதையும், இறைவன் கூலியாளாய் வந்து மண்சுமந்து பிரம்படி பட்டதையும் ஒருங்கே கூறினார். அருளால் விளைந்த பித்திற்கும் உலகில் ஒரு விலை உண்டு, அவ்விலையை ஆட்கொண்டவனே ஏற்றுக்கொண்டான் என்பதே ஆண்டுப் பெறப்படும் உட்கிடை. திருவம்மானையுள் இறைவன் மண்சுமந்து அடியுண்டதைப் பாடிய அடிகள், தாம் வெயிலில் நின்றதை அங்குக் கூறாமையும் நோக்கத்தக்கது. தம் துன்பத்தையே பெரிதெண்ணிப் புலம்பும் உள்ளம் அன்று அது.

உலகர் தம்மைப் பித்தர் என்பதை அடிகளே பாடியுள்ளார். அவ்வாறு பாடியவர் செய்த நூலின் அமைதி யாது? திருச்சதகம் நூறு பாடல். பத்துப்பத்தாக வகுக்கப்பெற்று, யாப்பு மாறிமாறி வரவும், அந்தாதித் தொடை அறாது செல்வது. நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாடலும் அவ்வாறே அந்தாதியாய் அமைந்தவை; அதனுள் இறைவன் தம்மைக் கைவிடின் அவனையே பிச்சன் என்று ஏசுவதாக அடிகள் அச்சுறுத்துகின்றார். சினமும் அழுகையும் கரைபுரளும் இடத்தும் தொடை தவறவில்லை. திருவண்டப்பகுதியில் அளவிறந்த அண்டங்களை இல்லுள் நுழையும் கதிரில் மிதக்கும் நுண்துகளோடு ஒப்பிட்ட அறிவும் இவரதே. திருச்சாழலிலோ, சாம்பர் பூசி, அரவணிந்து, சுடுகாட்டில் ஆடுபவன் தேவனாதல் எவ்வாறு என்று ஒருத்தி வினவ, மற்றொருத்தி விடை கூறுகின்றாள். பித்து என்னும் பழியை மகளிர் விளையாட்டாக்கி, இருபது பாடலில் வழக்கும் தீர்ப்புமாக நடத்திய புலமை சிதைந்த அறிவின்பாற் பட்டது என்றல் ஒருவாற்றானும் பொருந்தாது.

அற்றேல், அடிகள்பால் இழந்தது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. இழந்தது கருவிகளின் ஒழுங்கன்று. யான், எனது என்னும் முனைப்பே. அமைச்சர்க்கு அறிவாய் நின்றது சுட்டறிவு. அடியார்க்கு அறிவாய் நின்றது திருவருள். முன்னையதைக் கொண்டு பின்னையதை அளப்பார்க்கு அது பித்தாகவே தோன்றும். ஆவுடையார்கோயிற் கருவறையில் ஆவுடை மட்டுமே உண்டு; அதன்மேல் இலிங்கத் திருமேனி இல்லை; நந்தியும் கொடிமரமும் இல்லை. புறத்தே காண்பான் குறையென்பான். ஆன்மநாதனை உணர்ந்தான் நிறைவென்பான். அடிகளின் பித்தும் அத்தகையதே.

ஞானநிட்டையுடையோர் பாலர், உன்மத்தர், பிசாசர் குணம் மருவியும் இருப்பர் எனச் சிவஞான சித்தியார் எட்டாஞ் சூத்திரத்துள் கூறும். ஈண்டு ஒரு தருக்கப் பிழை நேராமற் காத்தல் வேண்டும். புகையுள்ள இடத்து நெருப்புண்டு. நெருப்புள்ள இடமெல்லாம் புகையில்லை. அதுபோல ஞானியர் சிலர் உன்மத்தர்போல் ஒழுகுவர். உன்மத்தர் யாவரும் ஞானியராகார். ஞானியை அறிதற்கு வேறு இலக்கணம் வேண்டும். அதனைச் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் தருகின்றது: மலம் கழுவி அன்பரொடு கூடி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுதல். அடிகள் குதிரைப் பணத்தைத் தமக்கென ஒரு காசும் வையாது கோயிலுக்கும் அடியார்க்கும் ஆக்கியது இவ்விலக்கணத்திற்கு முற்றும் இயைவது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் உளநோயுற்றோரைச் சங்கிலியாற் பிணித்து வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்ற, ஓட இயலாது 28 பேர் மாண்டனர். பிணித்தல் கூடாதென 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் விதித்தது. நோயைத் தெய்வச் செயலென்று கருதி மருந்தின்றி விடுதலும், பேயென்று கருதிக் கட்டிவைத்தலும் ஒரு மயக்கத்தின் இரு கிளைகளே. நோய்க்கு மருத்துவன் வேண்டும். மலத்திற்குக் குரு வேண்டும். ஒன்றற்குரியதை மற்றொன்றற்கு வைத்தல் நோயாளர்க்கும் தீங்கு, சமயத்திற்கும் பழி.

ஆதலின் பேரறிவிற்கும் பித்திற்கும் இடைநின்ற சுவர் மெல்லிதோ வலிதோ என்பது ஈண்டு வினாவன்று. உடைந்தது அறிவோ ஆணவமோ என்பதே வினா. அறிவு உடைந்தார்க்கு நாம் இரக்கமும் மருந்தும் கடமைப்பட்டுள்ளோம். ஆணவம் உடைந்தார்க்கு வணக்கம் கடமைப்பட்டுள்ளோம். குருந்தமர நிழலில் உடைந்தது எதுவென்பதற்குத் திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளும் சான்று பகரும்.