நாடக மருத்துவமும் மெய்ப்பாட்டுக் கொள்கையும்

நாடகத்தில் நடித்தலாலும் நாடகத்தைக் காண்டலாலும் உள்ளத்தின் இறுக்கம் தளரும் என்பது இன்று மேனாட்டு உளமருத்துவர் பலர்க்கு உடன்பாடான கருத்தாகும். போர்க்களத்தினின்று மீண்டு உறக்கம் இழந்த வீரர்க்கும், பிறரோடு பழக அஞ்சும் சிறார்க்கும், சிறைப்பட்டோர்க்கும் நாடகம் ஒரு மருந்தாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. அம்மருந்தால் பயன் விளைகிறதா என்பது ஒரு வினா. விளையுமாயின் எவ்வாறு விளைகிறது என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை காண்டல் மருத்துவர் கடன். பின்னது நாடகக் கொள்கை பற்றியது. ஆகலின் இலக்கியத் திறனாய்வாளர்க்கும் அதில் பங்குண்டு. அடங்கிக் கிடந்த உணர்ச்சி நாடகத்தின் வழியே கொட்டப்பட்டு ஒழிந்துவிடுகிறது என்பதே அவ்வினாவிற்குப் பெரும்பாலோர் கூறும் விடை. இவ்விடை பொருந்தாது என்பதும், உணர்ச்சிக்கும் அதனை உற்றவனுக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குதலே நாடக மருத்துவத்தின் உயிர் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அவ்விடைவெளியைப் பற்றிய கூரிய சிந்தனை தொல்காப்பிய உரையுள் இருத்தலின், அதனையும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

உணர்ச்சியை வெளியேற்றுதல் என்னும் கருத்திற்கு அரிஸ்டாட்டிலைச் சான்று காட்டுவர். அவலநாடகத்தின் இலக்கணம் கூறுமிடத்து, இரக்கமும் அச்சமும் எழுப்பி அவ்வுணர்ச்சிகளின் 'கதார்சிஸ்' நிகழ்விப்பது அந்நாடகம் என்றார் அவர். அச்சொற்குக் கவிதையியலில் விளக்கம் இல்லை. தூய்மை செய்தல் என்று கொண்டாரும், தெளிவித்தல் என்று கொண்டாரும் உளர். 1857இல் யாக்கோபு பெர்னேய்சு என்னும் செருமானிய மொழியறிஞர், மருத்துவர் உடலின் மிகையை வெளியேற்றுதல் போல்வதே இது என வாதிட்டார். அவருடைய உடன்பிறந்தார் மகளையே பிராய்டு மணந்தார் என்பது ஈண்டு அறியத்தக்கது. 1895இல் புரூயரும் பிராய்டும் இணைந்து வெளியிட்ட நூலில் தம் மருத்துவ முறைக்கு இட்ட பெயரும் அக்கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. பிராய்டு அம்முறையைப் பின்னர்க் கைவிட்டார். ஆயினும் பொதுமக்கள் நாவில் அது நிலைத்துவிட்டது. உரைகாரர் ஒருவர் ஒரு சொற்குக் கொண்ட பொருள், நோயாளியின் கட்டில் வரை சென்றமைக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இக்கொள்கை சோதனையில் நின்றதா? 2002இல் பிராட் புசுமன் என்னும் அமெரிக்க உளநூலார் கல்லூரி மாணவர் 600 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். மாணவர்க்கு முதலில் வேண்டுமென்றே சினம் ஊட்டப்பட்டது. பின்னர் ஒரு சாரார் தம்மைச் சினமூட்டியவனை நினைந்து கொண்டே குத்துப்பையைக் குத்தினர்; ஒரு சாரார் உடற்பயிற்சியை நினைந்து குத்தினர்; ஒரு சாரார் வாளா இருந்தனர். பகைவனை நினைந்து குத்தியோரே சினம் மிக்கோராக இருந்தனர். கொட்டினால் குறையும் என்ற கருத்துக்கு இது நேர் மாறு.

மூளையைப் பற்றிய ஆய்வொன்றும் இதனோடு வைத்து நோக்கற்பாலது. பேரதிர்ச்சியால் உளநோய் உற்றோர்க்கு அவர்தம் கொடிய நிகழ்ச்சியின் விவரிப்பை ஒலிப்பதிவாகக் கேட்பித்து, அவ்வேளையில் மூளையில் குருதியோட்டத்தைப் படமெடுத்து ஆராய்ந்தனர் இராவுக்கும் அவர்தம் உடனாய்வாளரும். 1996இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா முதலிய வலப்பக்கப் பகுதிகளில் இயக்கம் மிகுந்தது. பேச்சுக்கு உரியதென்னும் இடப்பக்கப் புரோக்காப் பகுதியில் குறைந்தது. ஆய்வுக்கு உட்பட்டோர் மிகச் சிலரே. எனினும், பழைய துன்பம் மீண்டும் பற்றும்போது சொல் அற்றுப்போகிறது என்று நோயாளிகள் கூறுவதோடு அது பொருந்துகிறது. இத்தகையோனை மேடையேற்றி அவன் துன்பத்தை அவன் வாயாலேயே மீண்டும் கூறச் செய்தல், ஆறாத புண்ணைக் கீறுதல் ஆகலாம். ஆதலின் இது நூற்பொருள் பற்றிய வெறும் வாதம் அன்று.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உரைகளில் இதனோடு நெருங்கிய சிக்கல் ஒன்று ஆராயப்பட்டுள்ளது. செய்தவனிடத்து நிகழ்ந்தது காண்போரைச் சென்று அடைதலே மெய்ப்பாடு என்பது செயிற்றியனார் கருத்து. இளம்பூரணர் அதனை எடுத்துக்காட்டித் தழுவி, அச்சமுற்றவனது அச்சம் அவன் உடல்வழிப் புறப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதல் மெய்ப்பாடு என விளக்குவர். பேராசிரியரோ வேறொன்றை வற்புறுத்துவர். அஞ்சினவனைக் கண்டவர்க்கு நகையோ இரக்கமோ பிறக்குமன்றி அச்சம் பிறவாது என்பது அவர் கொள்கை. இதனை நாம் சிறிது விரித்துக் கூறலாம். புலியைக் கண்டு நடுங்குவோனுக்குச் சுவைப்பொருள் புலி. அந்நடுக்கத்தைக் காண்போனுக்குச் சுவைப்பொருள் புலியன்று, நடுங்குகின்ற மனிதனே. பொருள் வேறுபடவே சுவையும் வேறுபடுகிறது. இருவர் உரையும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று கொள்வாரும் உளர். எம் கருத்தில் அது வேண்டாதது. புலனாதல் வேறு, பிறத்தல் வேறு. அச்சம் என்று அறியப்படுவது ஒருவனிடமிருந்து மற்றொருவனிடம் செல்கிறது. செல்லும்போதே இரக்கமாக மாறிவிடுகிறது. அம்மாற்றம் நிகழும் இடமே நாம் கூறிய இடைவெளி.

இக்கண்கொண்டு நாடக மருத்துவத்தின் நடைமுறைகளை நோக்கினால் பல தெளிவுபடும். அத்துறைக்கு வித்திட்டோருள் ஒருவர் மொரேனோ. புகாரெசுட்டில் 1889இல் பிறந்து, வியன்னாவில் எழுதா நாடக அரங்கு ஒன்றை நடத்தி, 1925இல் அமெரிக்கா சென்று, 1936இல் நியூயார்க் மாநிலத்துப் பீக்கன் என்னும் ஊரில் மருத்துவமனை நிறுவியவர் அவர். வெளியேற்றக் கொள்கையை அவர் விடவில்லை என்பது உண்மை. ஆயின் அவர் வகுத்த உத்திகளோ வேறு கதை கூறுகின்றன. 'கண்ணாடி' என்னும் உத்தியில் நோயாளி மேடையை விட்டு விலகி நிற்க, வேறொருவர் அவனாக நடிப்பார். 'பாத்திர மாற்றம்' என்பதில் மகன் தந்தையாகவும் தந்தை மகனாகவும் பேசுவர். இரண்டிலும் நோயாளி தன்னைத் தானே காண்போனாகிறான். ஆசிரியரின் கொள்கையைவிட அவர் கைத்தொழில் அறிவு மிக்கதாக இருத்தல் இலக்கிய உலகில் நாம் அறியாததன்று.

இதனினும் தெளிவான சான்று அமெரிக்கப் படையிற் பணியாற்றிப் பின் நடிகரான இசுட்டீபன் உல்பெர்ட்டு அமைத்த முறையில் உண்டு. படைக்கு ஆள் சேர்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எதிர்மறையாக்கி 'டீக்ரூட்' என அதற்குப் பெயரிட்டார். படைத்துறை வீரனை வீரனாக்கப் பல திங்கள் பயிற்றுகிறது; மீண்டும் குடிமகனாக்க அத்தகைய பயிற்சி இல்லை என்பது அவர் குறை. வீரர்கள் முதலில் மூச்சையும் நிற்கும் நிலையையும் பயின்று, சேக்சுபியரின் தனிமொழிகளைப் பேசுவர். ஐந்து சீர்களான் அமைந்த அவ்வடிகள் மூச்சுக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. பின்னர் ஒவ்வொருவரும் தம் துன்பத்தைத் தாமே ஒரு தனிமொழியாக எழுதுவர். எழுதியவர் அதனை நடிப்பதில்லை. உடனுள்ள மற்றொரு வீரர் கையில் அது கொடுக்கப்படுகிறது. அவர் நடிக்க, எழுதியவர் அமர்ந்து காண்கிறார். தம் துன்பத்தையே தாம் பிறர் துன்பம்போல் கண்டு இரங்குகிறார். பேராசிரியர் காட்டிய வேறுபாடு இங்கு ஒரு மருத்துவ முறையாகவே நிற்கிறது எனலாம். வெளியேற்றமே நோய் தீர்ப்பதாயின், எழுதியவரே நடித்தல் வேண்டும் அன்றோ?

பிரயன் டோரீசு என்பார் 2008இல் சான்டியாகோவில் அமெரிக்கக் கடற்படை வீரர் ஏறத்தாழ 400 பேர் முன்னிலையில் சோபாக்ளிசின் அவலநாடகப் பகுதிகளை நடிகரைக் கொண்டு வாசிப்பித்ததும் இவ்வகைத்தே. ஏயாக்சு என்னும் மாவீரன் வெறிகொண்டு, கிரேக்கத் தலைவரென மயங்கி ஆடுமாடுகளை வெட்டி, தெளிந்தபின் நாணித் தற்கொலை செய்துகொள்ளும் கதை அவற்றுள் ஒன்று. அவன் மனைவி தெக்மெசாவின் அச்சப் பேச்சு அவையிலிருந்த வீரர் மனைவியரைத் தொட்டது. தொடர்ந்த உரையாடல் குறித்த நேரத்தைக் கடந்து மூன்று மணிக்கு மேல் நீண்டது. தம் வீட்டு நிகழ்ச்சியைக் கூற வாய்வராதார், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட ஒருத்தியின் பெயரைச் சொல்லித் தொடங்கினால் பேச முடிகிறது. சோபாக்ளிசு தாமும் ஏதென்சின் படைத்தலைவருள் ஒருவராய் இருந்தவர்.

இனி மன அழுத்தம் பற்றிய ஒரு முரண்பாட்டைக் காண்போம். ஆய்வுக்கூடத்தில் ஒருவனுக்கு மன அழுத்தம் உண்டாக்க வேண்டுமாயின் உளநூலார் என் செய்கின்றனர்? அவனை ஒரு மேடையில் ஏற்றுகின்றனர். செருமனியின் திரியர் நகரில் கிர்சுபாம் முதலியோர் 1993இல் வெளியிட்ட சோதனை முறையில், முகத்தில் உணர்ச்சி காட்டாத நடுவர் முன் ஒருவன் ஐந்து நிமிடம் பேசி, ஐந்து நிமிடம் மனக்கணக்குச் செய்தல் வேண்டும். ஐப்போதலாமசு பிட்யூட்டரியை ஏவ, அது அட்ரினல் சுரப்பியை ஏவ, கார்ட்டிசால் குருதியிற் பெருகுகிறது. உமிழ்நீரிலேயே அதனை அளக்கலாம். மேடையே நோய்க்குக் காரணமாயின் மேடை எவ்வாறு மருந்தாகும்? அச்சோதனையில் இல்லாதன மூன்று: ஏற்றுக்கொள்ளப் பாத்திரம் இல்லை, சொல்லப் பிறர் அமைத்த சொல் இல்லை, உடன் நிற்பார் இல்லை. இடைவெளி முற்றும் அழிந்த மேடை அது.

இம்மூன்றும் உள்ள மேடை யாது செய்யும் என்பதற்கு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளைத்து கார்பெட்டு நடத்திய ஆய்வு ஒரு சான்று. ஆட்டிசம் உடைய 8 முதல் 14 வயது வரையுள்ள 30 சிறாரைக் குலுக்கல் முறையிற் பிரித்து, ஒரு பகுதியார்க்கு நான்கு மணி நேர நாடகப் பயிற்சி பத்து நாள் அளிக்கப்பட்டது. ஆட்டிசம் இல்லாத ஒத்த வயதினர் அவர்கட்குத் துணைநின்றனர். முகங்களை நினைவிற்கொள்ளும்போது தோன்றும் மூளையின் மின்னலைகளில் மாற்றம் காணப்பட்டதாக 2016இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரை இயல்பாய் அமைந்த பதற்றம் குறைந்தது என்றும், அவ்வப்போதைப் பதற்றம் அவ்வாறு குறையவில்லை என்றும் கூறுகிறது. இவ்வேறுபாடு நமக்கு முதன்மையானது. கொட்டித் தீர்த்தலே நிகழ்ந்ததாயின் அவ்வேளைப் பதற்றமே முதலில் தணிந்திருக்கும்.

மூளையாய்வுகளை மிகைபடக் கூறுவாரிடம் எச்சரிக்கை வேண்டும். கனடாவின் மக்மாசுட்டர் பல்கலைக்கழகத்து இசுட்டீவன் பிரவுன் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற நடிகர்கள் காந்தப் படக்கருவியினுள் படுத்து, ரோமியோவாகவும் ஜூலியட்டாகவும் வினாக்கட்கு விடை பகர்ந்தனர். தம்மைப் பற்றிய நினைவோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகளில் இயக்கம் குறைந்தது. 'நடிகன் தன்னை இழக்கிறான்' என்று செய்தித்தாள்கள் முழங்கின. ஆனால் அதே ஆய்வில், பாத்திரம் ஏலாது பிரித்தானிய ஒலிப்பில் மட்டும் பேசியபோதும் அத்தகைய குறைவு ஓரளவு காணப்பட்டது. அதனைச் செய்திகள் பெரிதுபடுத்தவில்லை. மேலும், படுத்தபடி அசையாது நடிக்கும் நடிப்பு எத்தகைய நடிப்பு? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் தலையிலணியும் ஒளிக்கருவி கொண்டு, ஒத்திகையில் இயங்கும் நடிகரையே ஆராய்ந்து 2022இல் வெளியிட்டது இவ்வகையில் மேலானது. ஒருவர் நடிக்கும்போது அவர்தம் சொந்தப் பெயரைக் கூவினால், மூளையின் இட முன்பகுதியில் வழக்கமாய் எழும் மறுவினை அடங்கியிருந்தது என்பது அதன் முடிபு. பெயர் கேளாமை அன்று அது. கேட்டும் அப்பெயர்க்கு உரியவனாக எழாமை. நலம் உடைய நடிகரிடம் கண்ட இதனை நோயாளிக்கும் உரியதென உடனே முடிவு கட்டுதல் முறையன்று.

எஞ்சியது ஒன்று. பேராசிரியர் ஒவ்வொரு சுவையையும் சுவைக்கப்படும் பொருள், பொறியுணர்வு, உள்ளத்துக் குறிப்பு, கண்ணீர் அரும்பலும் மயிர் சிலிர்த்தலும் போன்ற உடல் வேறுபாடு என நான்காக்கி, எட்டோடு உறழ்ந்து முப்பத்திரண்டு என்பர். அவர் வைப்புமுறையில் உடல் வேறுபாடு இறுதியில் நிற்கிறது. சுவை பிறக்கும் முறை அதுவே ஆகலின். நாடக மருத்துவரோ மூச்சு, நிற்கும் நிலை, குரல் என இறுதியினின்றே தொடங்குகின்றனர். புலி இல்லாமலே நடுக்கத்தைக் கொணரவும், கொணர்ந்ததை நிறுத்தவும் வல்லவன் ஆகிறான் நோயாளி. தானாக வந்து பற்றிய நடுக்கம் அவன் ஏவலுக்கு உட்பட்ட நடுக்கமாகிறது. இவ்வுடல் வேறுபாட்டிற்கு விறல் என்பது பழம்பெயர். விறல்பட ஆடுவாளை விறலி என்றனர் உரைகாரர்.